கை அடங்கட்டும்

மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது என் மனைவியை ஒரு முறை அடித்தேன். ஒரு முறைதான் என்று எழுதவே கூசுகிறது. ஆறு மாதக் கர்ப்பிணிக்கு அது போதாதா? யுத்தம் முடிந்தும் கிருஷ்ணாயிலுக்கு வரிசை ஓயாத காலம். அவள் வெயிலில் நின்று அரை பாட்டில் வாங்கி வருவதற்குள் நான் பசியோடு திரும்பிவிட்டேன். கதவு பூட்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் சிதம்பரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். "கை அடங்கட்டும். அப்புறமா வந்து கூப்புடுங்க, வரேன்" என்றாள். பெற்றவர்களிடம் தலைசுற்றல் என்று மட்டும் சொல்லிவைத்தாள். அடுத்த மாதம் வளைகாப்பு. அதற்குள் அவள் திரும்பி வந்தாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி பினாங்கிலிருந்து வந்து, எங்கள் ஊர்த் துறைமுகத்தில் வேலை கிடைத்து என்னோடு தங்கினான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பினாங்கில் பக்கத்து வீட்டுச் சீனரிடம் கற்ற பயிற்சியை விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் செய்வான். கையும் காலும் தண்ணீருக்குள் நகர்வதுபோல அத்தனை மெதுவாக நகரும். பேர் தாய்ச்சி. "கோவக்காரங்களுக்கு ரொம்ப நல்லது மாமா" என்றான். நான் அடித்தது அவனுக்குத் தெரியாது. என் கோபமெல்லாம் ஆபீஸோடு சரி என்று நினைத்திருந்தான். நானும் வாய் திறக்கவில்லை.

கை அடங்கும் என்று நானும் அவனோடு போய்ச் செய்யத் தொடங்கினேன். கையைக் கவனித்தால் மூச்சு நின்றது. மூச்சைக் கவனித்தால் கால் தடுமாறியது. "இன்னா அவசரம் மாமா, ரயிலா போயிடப் போவுது?" என்பான் மச்சான். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் பேரைக் கேட்டுவிட்டு, "தாச்சியா? யாருய்யா புள்ளத்தாச்சி, இவரா?" என்றார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மனசு சும்மா இருந்தது. மூச்சு வந்தது, போனது. கை தானாக எழுந்து தானாக இறங்கியது. அப்படி ஓர் அமைதியை அதுவரை நான் அறிந்ததில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போனேன். அவளுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட நானும் மச்சானும் சிதம்பரம் போனோம். அவள் காப்பி கொண்டுவந்தாள். மச்சானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அக்கா, மாமா எவ்ளோ கத்துக்கிட்டாரு தெரியுமா? செஞ்சி காட்டுங்க மாமா."

நானும் பெருமையாக எழுந்து நின்றேன். கண்ணைப் பாதி மூடி, அவன் சொல்லிக்கொடுத்தபடியே வலது கையை மெல்ல மெல்லத் தோளுக்கு மேல் தூக்கினேன்.

டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. அவள் சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள்.

மச்சான் அக்காவைப் பார்த்தான். பிறகு, இன்னும் மேலேயே நின்றிருந்த என் கையைப் பார்த்தான்.

நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வராமல் மாலை ரயிலுக்குத் தனியாக நடந்தேன்.