இரண்டால் பிசகிய கருந்துளை

நான் செய்த பிழைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு கருந்துளையைப் பாதியாகக் குறைத்ததுதான்.

இரண்டாயிரங்களின் கடைசி ஆண்டுகள். மதுரைக்கு மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நாங்கள் இரண்டு பேரும் இயற்பியல் ஆய்வு மாணவர்கள். நான் உசிலம்பட்டிக்காரன், ஆரப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவள் மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள். கணக்குப் போடும்போதும் உதட்டுக்குள் அந்த மொழியில்தான் எண்ணுவாள். அப்போது புதிதாக ஒரு யோசனை வந்திருந்தது. முடிந்த மட்டும் வேகமாகச் சுழலும் கருந்துளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை, ஈர்ப்பு விசையே இல்லாத, இரண்டே பரிமாணம் கொண்ட ஒரு குவாண்டம் புலக் கோட்பாட்டை வைத்தும் சொல்லிவிடலாம் என்பது அது. இரண்டும் ஒன்றுதான் என்றால் கருந்துளையின் எண்ட்ரோபியை, அதாவது வெளியே தெரியாமல் அது உள்ளுக்குள் எத்தனை விதமாக இருக்க முடியும் என்பதன் அளவை, எந்தப் பக்கமிருந்து கணக்கிட்டாலும் ஒரே விடை வர வேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஐந்து பரிமாணக் கருந்துளை. கருந்துளைப் பக்கம் எனக்கு, கோட்பாட்டுப் பக்கம் அவளுக்கு. அது அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும், ஐந்து வருட உழைப்பு வீண். எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஆனாலும் சோறு இறங்காமல் போனது எனக்குத்தான். ஏன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்தான்.

எங்கள் நெறியாளர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தானாக அந்த விடைப் பக்கம் வளைந்துவிடும் என்பார். அதனால் கடைசி விடையை மட்டும் ஒரு தாளில் எழுதி மடித்து, ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கியதும் டீக்கடையில் மாற்றிக்கொள்வோம்.

முதல் தடவை பிரித்துப் பார்த்தபோது, அவள் விடை என் விடையைப் போல் சரியாக இரண்டு மடங்கு.

"ஏப்பா, அந்த ரெண்டு எங்க போச்சு?"

"எங்கிட்டதான் எங்கயாவது போயிருக்கும். பாத்துட்டு வாரேன்."

"எங்கிட்டயும் இருக்கலாம்" என்றாள். முகம் வாடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று நாள் தேடினேன். பிழை அகப்படவில்லை. அவள் தவறு செய்யமாட்டாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். ஆகவே பன்னிரண்டாம் பக்கத்தில், உருப்படியான காரணம் எதுவும் இல்லாமல், ஓர் இரண்டைச் செருகிவைத்தேன்.

மறுபடி டீக்கடை, மறுபடி தாள். இப்போது என் விடை அவளுடையதைப் போல் இரண்டு மடங்கு!

"நீயும் மாத்திட்டியா?" என்றாள்.

"நீ தப்பு பண்ண மாட்டேன்னு நெனச்சேன்."

"நானும் அதத்தான் நெனச்சேன். பாதியாக்கிட்டேன்." விழுந்து விழுந்து சிரித்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நாம இம்புட்டு நல்லவங்களா இருந்தா நான் பட்டம் வாங்குன மாதிரிதான்."

அன்று விதியை மீறினோம். பெஞ்சில் நோட்டுகளைப் பரப்பினோம். என் பழைய கணக்கின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இந்தக் கோணத்துக்கு எத்தன சுத்து எடுத்த?"

"ஒண்ணுதான். ஒரு சுத்து சுத்துனா பழைய எடத்துக்கு வந்துரும்ல?"

அவள் டீ கிளாஸை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கிளாஸ் சாயாமல் கையை அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றினாள். கிளாஸ் பழைய திசைக்கு வந்துவிட்டது, ஆனால் கை முறுக்கிக்கொண்டு நின்றது. அதே போக்கில், தலைக்கு மேலாக, இன்னொரு சுற்று. கை நேரானது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இதுக்கு ரெண்டு சுத்து வேணும்ப்பா."

என் கோணமும் அந்த ஜாதிதான். பழக்க தோஷத்தில் ஒரு சுற்றோடு நிறுத்தியிருந்தேன். அவள் முதலில் போட்டதே சரி. சரியான விடையை எனக்காக அழித்திருக்கிறாள் என்று நினைத்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இனிமே எனக்காக உன் விடைய மாத்தாத" என்றேன்.

"சரி" என்றாள்.

கடைசி நாள் மதியம் ஆய்வேட்டைக் கொடுத்தாள். சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் நான் கடைசி வரிசையில் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி அத்தியாயத்தைப் புரட்டி, "இந்த எண் இதுல பாதியா இருக்கணும்னு எனக்குத் தோணுது" என்றார்.

"இல்ல சார், இது சரி" என்றாள்.

"அவ்வளவு நிச்சயமா?"

"ஒரு தடவை நானே பாதியாக்கினேன் சார். என்னைவிட ஒருத்தரை அதிகமா நம்பினேன். அவர் அங்கதான் உக்காந்திருக்கார். இனிமே மாத்தாதன்னு சொன்னதும் அவர்தான்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு சுற்றும் முடிகிறவரை நான் மூச்சே விடவில்லை.