அசகாயசூரனும் துரைசானியின் தொப்பியும்

கதைகளில் எல்லாம் தெரிந்த ஆள் ஒருவன் வருவானே, அந்த அசகாயசூரன் யார், அவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று பத்து நிமிஷம் பேசச் சொல்லி எங்கள் ஊர் வாசகசாலைக்காரர்கள் கடுதாசி போட்டிருக்கிறார்கள். எனக்கு மேடையேறிப் பிரசங்கம் பண்ண வராது. ஆனால் அப்படிப்பட்ட ஒருவனை என் கையாலேயே செய்து ஊருக்குள் அவிழ்த்துவிட்டவள் நான். அவனால் ஓர் அப்பாவி மனுஷர் சாகப் பார்த்தார். அதை வேண்டுமானால் சொல்கிறேன்.

அப்போது சித்தூரில் மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. சபையின் வாலிபர் சங்கம் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியது. ஒரே ஒரு பிரதிதான். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டும் பைபிள் அம்மா அதையும் பையில் போட்டுக்கொண்டு போவாள். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். கடைசியில் நாலு பக்கம் வெறுமனே விட்டிருக்கும். படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதலாம். என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும் என்பதால் பத்திரிகை முழுவதையும் நகலெடுக்கிற வேலை என் தலையில். எல்லாமே என் எழுத்தில் இருப்பதால் எது என் சொந்தச் சரக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் தொடர்கதை ஒன்றை, பெயர் போடாமல், நடுவில் நுழைத்தேன்.

பெயர் போட்டால் தொலைந்தேன். பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மாளுக்குக் கட்டுக்கதை என்றாலே பொய், பொய் என்றாலே பாவம். முந்தின வருஷம் தலையணை உறைக்குள் துப்பறியும் நாவல் வைத்திருந்த ஒரு டீச்சரைப் பெட்டி படுக்கையோடு ரயிலேற்றி அனுப்பிவிட்டாள்.

என் கதாநாயகன் ஒரு ஆண்பிள்ளை; அவனே சொல்வதாக, "நான்" என்று எழுதினேன். முதல் மாதம் நான் பலமனேர் ரோட்டில் மிரண்டு ஓடிய ஜட்கா குதிரையை ஒற்றைக் கையால் நிறுத்தினேன். அடுத்த மாதம் தாசில்தாரிடம் தெலுங்கில் வாதாடி ஒரு விதவையின் நிலத்தை மீட்டேன். சந்திரகிரிக் கோட்டை மதிலில் கயிறில்லாமல் ஏறினேன். உடைந்த ஹார்மோனியத்தைத் கொண்டை ஊசி ஒன்றால் பழுது பார்த்தேன். வெற்றுப் பக்கங்களில் ஜனங்கள் எழுதித் தள்ளினார்கள். "பாகுந்தி, பசு மாட்டு வைத்தியமும் தெரிஞ்சா நல்லாயிருக்கும்" என்று ஒருவர் தெலுங்கில் மெச்சித் தமிழில் கேட்டார். அதற்கென்ன, மறுமாதமே மாட்டு வைத்தியமும் தெரிந்துவிட்டது. எனக்கு ஒரே குஷி. எதையும் கற்றுக்கொள்ளாமலே எல்லாம் தெரிந்துகொள்வதில் உள்ள சுகம் இருக்கிறதே!

ஒரு விஷயத்தை மறந்துபோனேன், மண்டு. எங்கள் சபையில் ஞாயிறு சாயங்காலம் சாட்சி சொல்லுகிற கூட்டம் நடக்கும். யாராவது எழுந்து "நான்" என்று ஆரம்பித்தால் அது அவர் வாழ்க்கையில் நடந்தது, ஆண்டவர் முன்னிலையில் சொல்லுகிற நிஜம். அந்த ஜனங்களுக்குக் காகிதத்தில் வந்த "நான்" மட்டும் எப்படிப் பொய்யாகும்? யாரோ தாழ்மையுள்ள விசுவாசி, பெயர் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டுத் தன் சாட்சியை எழுதுகிறார் என்றே ஊர் நம்பியது. ஆள் யார் என்பதுதான் கேள்வி.

அதற்கும் நானே துப்புக் கொடுத்தேன். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கம்பவுண்டர் வந்திருந்தார். ஒல்லி, கூச்ச சுபாவம், பேசினால் காலைப் பார்த்துப் பேசுவார். காய்ச்சல்கண்ட போர்டிங் பிள்ளைகளை அழைத்துப் போனபோது, கசப்பென்று துப்பிய குழந்தைகளுக்குக் கொயினாவை வெல்ல உருண்டைக்குள் பொதிந்து விழுங்க வைத்தார். அந்தச் சின்ன யுக்தி எனக்குப் பிடித்துப்போய், திருடி என் கதாநாயகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனிடம் இருந்த ஒரே உண்மையான வித்தை அதுதான். வீட்டுக்குப் போன பிள்ளைகள், "எங்களுக்கும் கம்பவுண்டர் ஐயா அப்டித்தான் குடுத்தாரு" என்றன. முடிந்தது கதை.

அந்த மனுஷரைப் படுத்த ஆரம்பித்தார்கள். சபைக் கோயில் ஹார்மோனியத்தைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தார்கள். முன்பு இரண்டு கட்டைதான் பேசாமல் இருந்தது. அவர் கைபட்ட பிறகு ஒன்றும் பேசவில்லை. பால் சுரக்காத எருமையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போய், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். அவர் இல்லையென்று மறுக்க மறுக்க, "பாத்தியா, எவ்ளோ தாழ்மை!" என்று இன்னும் கொண்டாடினார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

ஒருநாள் மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்றேன். அயோடின் புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"டீச்சரம்மா, அடுத்த மாசம் அவருக்கு இன்னா இன்னா தெரியும்னு முன்னாடியே சொல்லிட்டா, கொஞ்சம் பழகிப்பேன்."

"யாருக்கு?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"வெல்லத்துல வெச்சுக் குடுத்த அன்னிக்கு ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்த பெரியவங்க நீங்க ஒருத்தர்தான். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீச்சல் மட்டும் வேணாம்மா. எனக்குத் தண்ணின்னா சின்னதுலருந்து பயம்."

அடக் கடவுளே! அந்த மாத இதழ் அதற்குள் ஆறு வீடு சுற்றிவிட்டது. அதில் என் ஆள் திருப்பதிக் குளம் ஒன்றில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவரை போய், ஒரு நாழிகை கழித்து மேலே வந்தான்.

அடுத்த வாரமே சபையார் எல்லாரும் சந்திரகிரிக்கு உல்லாசப் பயணம். ரயிலில் போய் இறங்கி, அரண்மனைக்குப் பின்னால் குளத்தங்கரையில் புளிசாதத்தைப் பிரித்தோம். துரைசானியம்மாள் படிக்கட்டின்மேல் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆமென் சொல்லவும் காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. வெயிலுக்காக அவள் வைத்திருந்த பெரிய தக்கைத் தொப்பி பறந்துபோய் நடுக்குளத்தில் மிதந்தது.

ஒருத்தரும் பதறவில்லை. எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"இன்னா கம்பவுண்டரே, பாத்துக்கினு நிக்கிறீங்க? உங்களுக்கு இது ஒரு வேலையா!"

"தாழ்மையெல்லாம் போதும் சாமி, எறங்குங்க!"

துரைசானியம்மாளும் தன் புத்தகத் தமிழில், "நீர் நீந்துவீரோ? மிக்க சந்தோஷம்" என்றாள்.

மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு துரைசானியைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். சட்டையைக் கழற்றி மடித்தார். முதல் படி, இரண்டாவது படி. பாசிபிடித்த படிகள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள், பாவிகள். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்களா? திறந்தால் வேலை போகும். ஊரில் இருக்கிற அம்மாவும் தங்கையும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த படியைக் காலால் துழாவினார்.

"ஐயோ, எறங்காதீங்க! அவருக்கு நீச்சல் தெரியாது! அது சாட்சி இல்ல, கதை! நான்தான் எழுதினேன்! எல்லாம் என் பொய்!"

என் குரல் கோட்டை மலையில் மோதித் திரும்பி வந்து இன்னொரு தடவை சொல்லிற்று. இரண்டு பேர் இறங்கி அவரைக் கைபிடித்து மேலே இழுத்தார்கள். தொப்பியை ஆடு மேய்க்கிற ஒருவன் துரட்டிக் கோலால் எட்டி இழுத்து, "இதுக்கா இவ்ளோ கூச்சல்?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுப் போனான்.

துரைசானியம்மாள் கத்தவில்லை. தொப்பியிலிருந்து நீரை உதறிவிட்டு, "நாளைக்கு நீர் போகலாம்" என்றாள். திரும்பி வரும் ரயிலில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. நிலத்தை மீட்டுக் கொடுத்த, மதிலேறிய மனுஷன் நிஜத்தில் இல்லையென்று ஆனதில் எல்லாருக்கும் அவ்வளவு வருத்தம். சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

மறுநாள் காலை பெட்டி படுக்கையோடு சித்தூர் ஸ்டேஷனில் நின்றேன். திருப்பதியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேண்டுமென்று கேள்வி, கிடைத்தால் உண்டு. வழியனுப்ப வந்தது ஒரே ஒரு ஆள். கையில் காகிதப் பொட்டலம்.

"திருப்பதில கொசு ஜாஸ்தி. கொயினா. வெல்லத்துல வெச்சிருக்கேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை. "ஏன் ஐயா, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா கேடு? படியெறங்கி சாகப் பாத்தீங்களே!"

அப்போதும் அவர் காலைத்தான் பார்த்தார்.

"இத்தன நாளும் இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன், யார் நம்புனாங்க? ஆனா அந்தம்மா எதிர்ல தெரியாதுன்னு நின்னுட்டா, அப்ப அத எழுதுனது யார்னு கேப்பாங்க இல்ல டீச்சரம்மா? கைல எழுதுனவங்க நீங்கதான? நேரா உங்ககிட்டதான வருவாங்க."

வண்டி நகர்ந்த பிறகு பாகாலா வரைக்கும் அழுதேன். எதிர்ச் சீட்டில் இருந்த தெலுங்கு அம்மாள் யார் தவறிப்போனது என்று விசாரித்தாள். வேலை போச்சு என்று சொன்னேன். அதற்காக நான் அழவில்லை.

ஆகவே வாசகசாலைக்காரர்களுக்குப் பதில் எழுதிவிட்டேன். அசகாயசூரனைப் பற்றிப் பேச நான் வருகிறேன். என் வீட்டுக்காரரும் கூட வருவார், முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். ஹார்மோனியம் ஏதாவது இருந்தால் மட்டும் தயவுசெய்து அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.