நாலு வாசலில் உதிர்ந்த உப்பு

சித்தி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பு சாய்ந்திருக்கும். முழங்கை நீளம் இருக்கும். நுனியில் பழைய வேட்டித் துணியில் கட்டிய பொட்டலம். உள்ளே கல்லுப்பும் புகையிலைத் தூளும். மாஞ்சோலை எஸ்டேட்டில் மழைக்காலத்தில் இது இல்லாமல் யாரும் படியிறங்க மாட்டார்கள். காலில் அட்டை ஏறினால் பொட்டலத்தால் ஒரு ஒற்று ஒற்றினால் போதும், சுருண்டு விழுந்துவிடும். தேயிலைத் தோட்டத்தை மூடி, எல்லோரும் மலையிறங்கியபோது சித்தி அம்மியைக்கூட அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். இந்தக் கம்பு மட்டும் எப்படி மூட்டைக்குள் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மலையில் எங்களுக்கு லைன் வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி எட்டுப் பத்து வீடுகள் இருக்கும். மழை நாளில் யார் முதலில் எழுகிறாரோ அவர் தன் வாசலோடு நின்றுவிட மாட்டார். கம்பை எடுத்துக்கொண்டு வரிசை முழுக்க நடந்து, ஒவ்வொரு படியிலும் பொட்டலத்தைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு வருவார். அட்டை படி ஏறாது. இதை யாரும் உதவி என்று நினைத்ததில்லை, நன்றி சொன்னதுமில்லை. பெரும்பாலும் முதலில் எழுபவள் சித்திதான். அரைத் தூக்கத்தில் அவள் தட்டும் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்து, அடுத்த வாசலுக்கு நகரும். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

கீழே வந்து அம்பாசமுத்திரம் பக்கம் நாலு வீடுகள் உள்ள ஒரு வளவில் சித்தியும் சித்தப்பாவும் வாடகைக்குக் குடியேறினார்கள். முதல் வீடு வீட்டுக்காரம்மாவுடையது. மூன்றாவது சித்தியுடையது. வந்த அன்றே சித்தி என்னிடம் சொன்னாள்: “இங்கன உள்ளவங்க மாதிரியே இருந்துரணும்ளா. வித்தியாசமாத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிருவாவ. இனி எங்கன போக?” மலையில் வருஷம் முழுக்கப் போட்டிருந்த ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. தெருப் பெண்களைப் போல நைட்டியும் மேலே ஒரு துண்டும் வந்தன. அவர்கள் கோலம் போடும் நேரத்தில் இவளும் போட்டாள். அவர்கள் பார்க்கும் நாடகத்தையே பார்த்து, அவர்கள் திட்டும் மாமியாரையே இவளும் திட்டினாள். நானும் யோசனை சொன்னேன். ஆறாம் வகுப்பிலேயே விடுதியில் படிக்க மலையிறங்கியவள் நான். இந்த வித்தையில் பழம் தின்று கொட்டை போட்டவள். ‘எந்த ஊரு’ என்று யார் கேட்டாலும் ‘பாளையங்கோட்டைதான்’ என்று பதில் தயாராக இருக்கும். அடுத்ததாகச் சாதியை அறிய ‘யாரு வகை’ என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றவும் தெரியும். இவ்வளவு பாடுபட்டும் வளவில் சித்திக்கு ‘மலைக்காரி’ என்றுதான் பெயர். அதில் அவளுக்கு மெய்யாகவே வருத்தம்.

கீழே வந்த முதல் ஐப்பசியில் இரவெல்லாம் மழை கொட்டியது. விடிந்து கொஞ்ச நேரத்தில் சித்தி போனில் அழைத்தாள். குரலே சரியில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் வளவே கூடி நிற்கிறது. நாலு வாசற்படியிலும் உப்புக் கல்லும் கறுப்புத் தூளும். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரம்மா மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் மழைச் சத்தம் கேட்டதும் சித்தியின் கால் தானாக எழுந்து வரிசை முழுக்க நடந்திருக்கிறது.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவள் வாசலிலும் உப்பு கிடந்ததால் யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. வீட்டுக்காரம்மா கைகாட்டியது கடைசி வீட்டுப் பெண்ணை. குழாயடியில் முந்தின வாரம்தான் இருவருக்கும் சண்டை. “தன் வாசல்லயும் போட்டுக்கிட்டா நமக்குத் தெரியாதாக்கும்” என்றார். அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு பேயறைந்த மாதிரி நின்றாள். “இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிரு” என்று வீட்டுக்காரம்மா சொல்லவும் சித்தி முன்னால் வந்துவிட்டாள்.

“நாந்தான்க்கா போட்டேன். மலையில மழைன்னா அட்டை ஏறும். உப்பு போடுவோம். பழக்கத்துல போட்டுட்டேன்.”

அவ்வளவுதான், இன்று சாயங்காலமே சாமான் கட்ட வேண்டும் என்று நான் நினைத்தேன். வீட்டுக்காரம்மா சித்தியின் தோளில் கை வைத்தார்.

“நீ போடுவியா மதினி? நீ நம்ம ஆளுல்லா. புள்ளக்காரி வெளியே போயிருவாளேன்னு பழியை உம் மேல போட்டுக்கிடுத. இங்கன ஏது அட்டை?”

“இல்லக்கா, நெசமாத்தான் சொல்லுதேன்.”

“சரி, விடு. நீ இவ்வளவு சொல்லுததால அவ இருந்துட்டுப் போகட்டும்.”

நானும் சொல்லிப் பார்த்தேன். சித்தியைப் போலவே எனக்கும் நல்ல மனசு என்றார்கள். அன்று முதல் சித்தி ‘மலைக்காரி’ இல்லை, உறவுமுறை சொல்லி ‘மதினி’. மத்தியானம் வீட்டுக்காரம்மா முதன்முறையாக உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தார். சித்தி ஏங்கியது இதற்குத்தான். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னாள், அது எடுபடவில்லை. மலைக்காரி என்பதை மறைக்க அவள் பட்ட பாடு மட்டும் எடுபட்டுவிட்டது. இதில் ஜெயித்தது யார், தோற்றது யார் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்து இருக்கை அம்மா எந்த ஊரு என்று கேட்டார். பாளையங்கோட்டை என்றேன்.

இந்த வருஷ ஐப்பசிக்கு நான் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். விடியும் நேரத்தில் மழை பிடித்தது. கண் விழித்தபோது சித்தி கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் அந்தக் கம்போடு நின்றிருந்தாள். வெளியே போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை. சாரல் பட்டுப் பொட்டலம் நனைந்து, உப்புத் தண்ணீர் அவள் குதிகால் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது.

“மதினி, உங்க பக்கம் தண்ணி ஏறுதா?” முதல் வீட்டிலிருந்து குரல் வந்தது.

சித்தி சட்டென்று கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “இல்லக்கா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பையக் கதவைச் சாத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏளா, அன்னைக்கு நாந்தானே போட்டேன்? நீயாவது சொல்லு.”

“ஆமா சித்தி. நீங்கதான்” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு கம்பைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.