மரியாதைக்குக் குடித்தவர்

வீட்டில் யாருடனும் கலந்து பேசாமல், இன்று ஸ்கூட்டரை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் தல்லாகுளம் போவது என்று முடிவெடுத்தேன். விளைவுகளுக்கு நானே பொறுப்பு.

டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர், பஸ் எதையாவது நெருங்கும்போதெல்லாம் வலது காலைத் தரையில் அழுத்தினார். செல்லூரில் என் காலையும் சேர்த்து அழுத்திவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கால் பிரேக்கத் தேடுது."

மில் ஆட்களை ஏற்றும் வேனின் டிரைவராம். போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இவர்தான்.

"மச்சான் ஊத்திக் குடுத்தாரு. வேண்டாம்னா, மாமங்காரன் மொறைச்சுக்கிட்டுப் போறான்னு பேச்சு வரும். மரியாதைக்குக் குடிச்சேன்."

"அங்கேயே படுத்திருக்கலாமே?"

"சொந்தக்காரங்கள ஊர்ல கொண்டுபோய் விடணும்லண்ணே? அம்புட்டுப் பேர்லயும் நாந்தேன் கம்மியாக் குடிச்சவன்."

வழியில் போலீஸ் ஊதச் சொன்னது. மரியாதைக்குக் குடித்ததைத் தனியாகக் காட்டும் வசதி அந்தக் கருவியில் இல்லை.

"அபராதம் கட்டியாச்சு. லைசென்ஸத்தான் ஆறு மாசத்துக்கு முடக்கிப்புட்டாங்க."

"மச்சான் என்ன சொல்கிறார்?"

"'நீ ஊதியிருக்கவே கூடாது மாப்ள'ங்கிறாரு."

மச்சானின் சட்ட அறிவு பற்றி உங்கள் கருத்துகளைக் கீழே எழுதலாம்.

லைசென்ஸ் திரும்பி வரும்வரை வேனைக் கழுவும் வேலையாவது தருவாரா என்று போனில் கேட்டுவிட்டு, இவர் முதலாளியை நேரில் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். தல்லாகுளம் வரும் முன்பே முதலாளியிடமிருந்து போன் வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர், "சரிங்க மொதலாளி" என்று வைத்தார். கழுவுவதையும் புது டிரைவரே பார்த்துக்கொள்வாராம்.

தல்லாகுளத்தில் இருவரும் இறங்கினோம். அவர் ரோட்டைக் கடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நின்றார்.