அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் கல்லூரி விட்டதும் இணைய மையத்துக்கு ஓடுவேன். தமிழர்கள் அரட்டையடிக்கும் ஒரு மின்னஞ்சல் மடற்குழுவில் எழுதத்தான். அப்பாவுக்கு இது தெரியாது. ஒருநாள், எங்கள் சாதி மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதி சாப்பிட்ட மாப்பிள்ளை, செரிக்க இஞ்சிப் பச்சடி இல்லாவிட்டால் எழுந்திருக்கவே மாட்டார் என்று வேடிக்கையாக எழுதினேன். பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் போட்ட பழக்கத்தில், கீழே வீட்டு எண்ணும் தெருவும் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் வசவுகள் குவிந்திருந்தன. குலத்தையே கேவலப்படுத்திவிட்டேனாம். ஒருவர், "நானும் பாளையங்கோட்டைதான். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் நேரிலேயே கேட்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

பக்கத்தில் இருந்த நண்பன் சிரித்தான். "ஏலே, சொதிக்கா அருவா தூக்கிட்டு வரப் போறான்?"

"ஒன் வீட்டு நம்பரா அங்கன கெடக்கு?" என்றேன். அழிக்கவும் வழியில்லை. மடல் எல்லோருக்கும் போய்விட்டது.

ஞாயிறு மதியம் அம்மா சொதிதான் வைத்திருந்தாள். வாசலில் சைக்கிள் நின்றது. அப்பா எழுவதற்குள் நான் ஓடிக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு அண்ணாச்சி, காற்றடிக்கும் பம்பு கேட்டு வந்திருந்தார்.

"என்னலே, பேயறைஞ்ச மாதிரி நிக்க? சொதி ஆறுது" என்றார் அப்பா.

இலையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எந்த ஞாயிறு என்று அந்த ஆள் எழுதவில்லை.