எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரக் கல்லறைகள்

"செத்துப்போனவங்க எப்பிடிம்மா அடுத்த வாரம் டூயட் பாடுறாங்க?" என்று என் மகள் கௌரி கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. நடிப்பு என்று சொல்லிப் பார்த்தேன். திருச்சியில் பள்ளிக்கூடப் படிப்பை முழுசாக முடித்தவள் அந்த அளவுக்காவது சொல்ல வேண்டாமா? அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒரு பழைய பாடகர், அந்தக் காலத்துக் கதாநாயகர், நிஜமாகவே காலமாகிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். மறு சனிக்கிழமை ஹட்டன் சினிமாக் கொட்டகையில் அவருடைய படத்தைத் திரும்பவும் போட்டார்கள். மனிதர் குதிரை மேல் உட்கார்ந்து, ஒரு காயமும் இல்லாமல், நீளமாகப் பாடினார். கௌரி என் சேலையை இழுத்து, "இவரு நெசமா செத்தவரா, நடிச்சுச் செத்தவரா? பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு" என்றாள். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, பாட்டு முடிந்ததும் பேசிக்கொள்ளச் சொன்னார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் புரியாது. திருச்சியில் படம் புதுசாக வரும், ஓடும், போகும். இங்கே சிலோன் மலைக்கு வரும் படங்கள் கொழும்பையும் கண்டியையும் பார்த்துவிட்டு, தேய்ந்து, மழை பெய்வதுபோல் கோடு விழுந்து வந்து சேரும். சில படங்களில் கதாநாயகி சாகும் காட்சியே அறுந்து போயிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால்தான் அவள் செத்தது தெரியும். வெளியே வந்தால் குளிர். குழந்தையின் காதை மப்ளரால் சுற்றி, காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது, செத்தவர்களைப் பற்றிய கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்ல யாரால் முடியும்?

நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் ஹட்டன் வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். என் கணவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அவருடைய அப்பா காலத்திலேயே மனுப்போட்டு இந்த நாட்டுப் பிரஜைகளாகப் பதிந்துகொண்ட சில குடும்பங்களில் இவர்கள் குடும்பமும் ஒன்று. கௌரியும் இந்த நாட்டுக்காரி. வீட்டில் நான் ஒருத்திதான் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் குடித்தனம் நடத்துகிறேன். பிரஜையின் மனைவி என்பதால் நானும் பதிந்துகொள்ளலாமாம். ஆனால் பதிந்தால் இந்தியாவை விட்டுவிட வேண்டும். அப்புறம் என் அப்பாவைப் பார்க்கப் போவதற்கு நான் விசா கேட்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை விசா முடிய வரும்போதும் என் கணவர், "என்ன முடிவு பண்ணிருக்க?" என்பார். நான் "பாப்பாவுக்கு இருமல் நிக்கட்டும்" என்பேன். கௌரிக்கு இருமல் நின்ற நாள் குறைவு என்பதால் இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

இப்போது கல்லறைக்கு வருகிறேன். போன வருஷம் அவர் எங்களை ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒருவர் கையில் குச்சியோடு ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று அதன் பேர், ஊர், வயது எல்லாம் சொன்னார். திரும்பும் வழியில் ஒரு வெள்ளைக்காரர் கோவிலின் பக்கத்தில் பஸ் நின்றது. பேர் வெட்டிய கல்லறைகள் வரிசையாக இருந்தன. இந்த இரண்டையும் என் மகள் எப்படி முடிச்சுப் போட்டாள் என்று தெரியாது. அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலைக்கும் வடிகானுக்கும் நடுவில் இருக்கும் சரிவில், முதல் குழி விழுந்தது. சினிமாப் பாட்டுப் புத்தகத்து அட்டையிலிருந்து ஒரு நடிகையின் முகத்தை வெட்டி, தீப்பெட்டிக்குள் படுக்க வைத்து, மண்ணைக் குவித்து, மேலே ஒரு பூவும் செருகியிருந்தாள்.

பிறகு மளமளவென்று சாவு. கொட்டகையில் யார் செத்தாலும் மறுநாள் இங்கே அடக்கம். நிஜத்தில் அவர்கள் சென்னையில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வில்லன்களுக்கு வடிகான் ஓரமாகத் தனி வரிசை. இரட்டை வேடத்தில் அண்ணன் செத்துத் தம்பி பிழைத்த நடிகரை நடுவில் வெட்டிப் பாதியை மட்டும் புதைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, கையில் குச்சியோடு சுற்றிக் காட்டத் தொடங்கினாள். ஆளுக்கொரு பூ கொண்டுவர வேண்டும். பிள்ளைகளுக்குப் பின்னால் அவர்களுடைய தாய்மாரும் வந்தார்கள்.

"இவங்க அழுவுற அம்மா. கல்யாணம் பண்ணின நாள்லருந்து அழுதாங்க. காசத்துல செத்தாங்க. இவரு கத்திக்காரரு. பின்னாலருந்து குத்திட்டாங்க, முன்னாலருந்து குத்த முடியாது. இங்க யாரும் சிரிக்கக் கூடாது."

சிரிக்காமல் இருக்க யாராலும் முடியவில்லை. நான் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தேன். வீட்டுப் புறக்கடையில் சுடுகாடு வைத்து விளையாடினால் ஆகுமா? அதட்டி நிறுத்தினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடுமா? அவரைக் கேட்டால், ஆபீசில் உயிரோடு இருப்பவர்களைவிட இவர்கள் ஒழுங்காக வரிசையில் இருக்கிறார்கள் என்றார்.

தோட்டத்துக்கு ஒரு சிங்கள மருத்துவச்சி வருவார். லயம் லயமாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பவர். நல்ல மனுஷி, அம்மா என்பதற்கு என்னை நோனா என்பார்; அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் பாதிப் பாதிதான். ஒருநாள் எங்கள் வீட்டுப் பக்கமாகக் குறுக்கு வழியில் வந்தவர் சரிவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பூ வைத்த சின்னச் சின்ன மேடுகள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"இது எல்லாம் இங்க செத்ததா, நோனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மகளின் கீர்த்தி அவர்வரைக்கும் போய்விட்டது என்று நினைத்தேன். வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. "இல்ல, ஹட்டன்ல" என்றேன்.

"எத்தன?"

"பன்னண்டு ஆச்சு. இந்த மாசம் மட்டும் மூணு."

"என்ன நோய்?"

"நோய் ஒருத்திக்குத்தான். ஒருத்தி விஷம் குடிச்சா. மத்ததெல்லாம் கத்திக்குத்து."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "யாரு பொதைச்சது?"

"எம் பொண்ணுதான். அவளுக்கு இதுலதான் சந்தோஷம்" என்றேன், துணியை உதறிக்கொண்டே.

அவர் ஓடியதைப் பார்த்து, யாருக்கோ பிரசவ வலி வந்துவிட்டது என்றுதான் எண்ணினேன். சற்று நேரத்தில் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயாவும் மண்வெட்டியோடு இரண்டு ஆட்களும் மருத்துவச்சியும் வந்தார்கள். முதல் மேட்டை ஒரே வெட்டில் திறந்தார்கள். தீப்பெட்டி வந்தது. டிஸ்பென்சரி ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திறந்தார். உள்ளே அழுகிற அம்மா, கொஞ்சம் ஈரமாக, வழக்கம்போல் அழுதுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கௌரி இதைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் என்றும் பாராமல், மூடச் சொன்னாள். அவர்களும் மூடினார்கள்.

மருத்துவச்சி அங்கேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சின்னக் குழி பாத்தா எனக்கு வேற ஒண்ணும் நெனைக்க வராது, நோனா" என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு சிங்களப் பட நடிகையின் முகத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து கௌரியிடம் ஒப்படைத்தார். ஆற்றில் விழுந்து செத்தவளாம்.

விஷயம் பரவி, கூட்டம் கூடிவிட்டது. கொழுந்துக் கூடையோடு பின்பக்கமாகப் போகும் முத்தம்மாதான் முதலில் ஆரம்பித்து வைத்தது. "பாப்பா, கத்திக்காரரு பக்கத்துல எனக்கு ஒரு எடம் போட்டு வையி. உசுரோட இருக்கயிலதான் அவருகிட்ட போவ முடியல." கௌரி உடனே ஒரு கல்லை நட்டு, இது முத்தம்மா அக்காவுக்கு என்று அறிவித்தாள். அவ்வளவுதான். லயத்துப் பெண்கள் போட்டி போட்டார்கள். கத்திக்காரரைச் சுற்றி இடமே இல்லை. மருத்துவச்சி சிங்கள நடிகைக்குப் பக்கத்தில் ஒன்று கேட்டார். என் கணவர்கூட, ஆபீஸ் மணி கேட்காத இடமாக, கோமாளி நடிகரின் பக்கத்தில் ஒன்று சொல்லி வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்குக் குழி குறிப்பது என்ன விளையாட்டு என்று முத்தம்மாவைக் கோபித்துக்கொண்டேன். அவள் கூடையை இறக்கிவைத்தாள்.

"கிளாக்கரம்மா, இந்தியாக்காரன் எங்கள சிலோன்ங்கிறான். சிலோன்காரன் இந்தியாங்கிறான். பாப்பா ஒண்ணுதான் கேட்ட ஒடன எடங் குடுத்துச்சு. அதுவும் நல்ல எடம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒங்களுக்கென்ன, ரெண்டு பக்கமும் வா வாங்கிறான். நீங்க ஒக்காந்து யோசிக்கிறீங்க. யோசிங்க, யோசிங்க. அதுக்கும் ஒரு குடுப்பினை வேணும்ல."

அவள் பிறந்தது இந்தத் தோட்டத்தில். அவளுடைய அப்பன் ஆத்தாளைப் புதைத்ததும் மேலே அந்த மலையில்தான். பிரஜையாகப் பதியக் கேட்ட அவளுடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள். நான் வந்தவள், எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் செய்வது யோசனையா, பசப்பா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

அன்றைக்குச் சாயந்திரம் சரிவில் இறங்கிக் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கௌரியின் அப்பாவுக்கு இருந்தது. முத்தம்மாவுக்கு, மருத்துவச்சிக்கு, கௌரிக்கு, அவளுடைய ஒற்றைக்கைப் பொம்மைக்குக்கூட இருந்தது. ஏதோ ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, "எனக்கு எங்கடி?" என்றேன்.

"ஒங்களுக்கு இங்க இல்ல" என்றாள், களையைப் பிடுங்கிக்கொண்டே. "நீங்கதான் எப்பவும் எங்க ஊரு, எங்க ஊருன்னு சொல்வீங்களே. ஒங்களுக்கு அங்கதான்."

"அங்கல்லாம் நம்ம வீட்டுல பொதைக்க மாட்டாங்க கௌரி. எரிச்சு, காவேரியில கரைச்சிருவாங்க."

அவள் களையைக் கீழே போட்டாள். "ஒண்ணுமே இருக்காதா?"

"இருக்காது."

"அப்ப ஒங்களப் பாக்க நான் எங்க வாறது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பனி விழுகிறது, உள்ளே வா என்று சொன்னேன். அவள் வரவில்லை. ஒரு கல்லைத் தேடி எடுத்து, தன் அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். வேலியோரம் கொண்டுபோனாள். திரும்பி வந்தாள். கடைசியில், எல்லோரும் நடக்கும் வழியின் நடுவிலேயே அதை வைத்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அந்த இடத்துக்கு வந்ததும் சுற்றிப் போகிறது. குச்சியை நீட்டி அவள் சொல்வது அடுப்படிவரை கேட்கிறது. "இது எங்கம்மா. இன்னும் முடிவாகல. மிதிக்காம வாங்க." ஒருத்தர்கூடச் சிரிப்பதில்லை. நான் அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

விசா பொங்கலோடு முடிகிறது. கையெழுத்து உன்னுடையது, நான் வற்புறுத்த மாட்டேன் என்கிறார் அவர். என் அப்பா திருச்சியிலிருந்து, இந்தியாவை விட்டுவிடாதே என்று எழுதியிருக்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது, கையெழுத்து நடுங்குகிறது. என்னைப் போலக் கடல் தாண்டி வாக்கப்பட்டு வந்த சகோதரிகளே, மலாயாவிலோ பர்மாவிலோ இங்கேயோ, நீங்கள் பதிந்துகொண்டீர்களா, இல்லையா? பதிந்தவர்கள், உங்கள் அப்பாவிடம் அதை எப்படிச் சொன்னீர்கள்? பதியாதவர்கள், உங்கள் பிள்ளை எங்கே வந்து பார்ப்பது என்று கேட்டால் எந்த இடத்தைக் காட்டுகிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். சுருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. இதைச் செய், இதைச் செய்யாதே என்று எழுதினால் போதும்.