சுருக்கம் போனதற்கு வாங்கிய லட்டு

எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்த முட்டாள் ஒருவன் உண்டென்றால், அது நான்தான்.

போன வருடம், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பஸ்களின் முன்பக்க முகப்பைச் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. கண்ணாடி இழைத் துணியை அச்சின் மேல் விரித்து, பிசின் ஏற்றினால் இறுகி முகப்பாகிவிடும். மூக்கு மாதிரி வளையும் இடத்தில் மட்டும் துணியில் சுருக்கம் விழும். அங்கே வெட்டி, துண்டு வைத்து, நீவிவிட நான்கு பெண்கள் இருந்தார்கள். எப்படி விரித்தால் சுருக்கம் விழாது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது என் பிழைப்பு. மாதக்கணக்கில் என் திரையில் துணி, இஸ்திரி போடாத என் சட்டை மாதிரியே கசங்கிக் கிடந்தது.

ஒருநாள் துணியைக் கோணலாகத் திருப்பிப் போட்டு ஓட்டினேன். வழவழவென்று படிந்தது. அச்சிலும் அப்படியே! ஸ்டேஷன் பக்கம் ஓடிப்போய் லட்டு வாங்கி வந்து, முதலில் அந்த நால்வரில் மூத்த அக்காவிடம் நீட்டினேன். வள்ளூர்ப் பக்கத்திலிருந்து வருபவர். கணவர் படுத்த படுக்கை, வீடே அவர் சம்பளத்தில்தான்.

"இன்னா சார், புள்ள பொறந்துக்குதா?"

"அதுக்கும் மேலக்கா! இனிமே மூக்குல வெட்டும் இல்ல, ஒட்டும் இல்ல!"

சிரித்துக்கொண்டே பாதி லட்டைக் கடித்தார். அப்போதுதான் அந்த நால்வரையும் வேலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டர் உள்ளே வந்தார்.

"நாலு பேரும் நாளையிலேர்ந்து வராதீங்கம்மா. சாரு கண்டுபுட்சிட்டாரு, உங்க வேலை தேவையில்லன்னு."

மீதி லட்டை அக்கா மேசையில் வைத்தார். நான் மேனேஜரிடம் ஓடினேன். "நிரூபிச்சது நீங்கதானே?" என்று கைகுலுக்கினார்.



அன்று மாலை கேட்டுக்கு வெளியே அக்கா ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தார். பக்கத்தில் போய், "வேற செக்‌ஷன்ல எடம் கெடைக்குமான்னு பாக்கறேன்க்கா" என்றேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அதையும் கம்ப்யூட்டர்லயே பாத்து சொல்லு சார்."